வீடருளும் பெருமான்

இலக்கியத்துக்காகச் சொத்தை இழந்தவர்கள் உண்டு. சுகத்தை இழந்தவர்கள் உண்டு. சிலர் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் சிலை வைத்து, சிலையின் மேல் புறாக்களும் உட்கார்ந்தாகிவிட்டது. ஆனால் இலக்கியத்துக்காக அடுத்தவருடைய வீட்டை இழக்கத் துணிந்த மாவீரர் ஒருவரைப் பற்றி இதுவரை யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த வரலாற்றுப் பிழையைத் திருத்த வேண்டிய பொறுப்பு இந்தக் கதைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் 'உலகம்'. எந்தக் கண்டத்துக் கவிஞரானாலும் சரி, உயிரோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, அவர் கையில் சிக்கினால் தமிழில் வந்துதான் ஆக வேண்டும். பனிக்கட்டியைப் பற்றி நாற்பது கவிதைகளை மொழிபெயர்த்திருக்கிறார். பாலைவனத்தைப் பற்றி அதைவிட அதிகம். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார வைத்தால்கூட வாந்தி எடுப்பார் என்பதால் ஊர் எல்லையைத் தாண்டியது கிடையாது. இருந்த இடத்திலிருந்தே உலகத்தைச் சுற்றியவர் என்பதால் அந்தப் பெயர் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

இதனால் வீட்டில் சின்னச் சின்ன வசதிகளும் இருந்தன. யாராவது தேடி வந்தால் அவருடைய மனைவி வாசலில் நின்று, "உலகம் இன்னும் எழுந்திரிக்கல, அப்புறம் வாங்க" என்பாள். சில நாள், "உலகம் குளிச்சிட்டிருக்கு" என்பாள். கோபம் வந்த நாளில், "உலகம் ரொம்ப மோசம், நீங்க போயிட்டு இன்னொரு நாள் வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு காலை வேளையில் பதிப்பாளர் வந்தார். காலத்தின் தேவை எது என்று மற்றவர்களுக்கு முன்பே மோப்பம் பிடிக்கக் கூடிய மூக்கு அவருக்கு.

"சார், இந்த வருஷம் அகதிதான் ஓடுது" என்றார் உட்காருவதற்கு முன்பே.

"எங்க ஓடறாங்க?" என்று உலகம் பதறினார்.

"புத்தகத்துல சார். போன வருஷம் மரம் ஓடுச்சு. அதுக்கு முன்னாடி தனிமை நல்லா ஓடுச்சு. இப்ப புலம்பெயர்வு. எல்லாருக்கும் அது ஒண்ணு வேணும். இத்தாலிய மொழியில ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அவங்களே வேற எங்கிருந்தோ போய் அங்க ஒண்டினவங்க. ஒரே ஒரு நீளக் கவிதைதான். எதுகை மோனை தொல்லையெல்லாம் கிடையாது. அனைத்துலகக் கவிதை மாநாட்டுல வெளியிடறோம். அந்த அம்மாவே நேர்ல வர்றாங்க."

"இத்தாலிய மொழியா..." என்று உலகம் இழுத்தார்.

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியாதுங்கறதுதான்யா என் பலம். மொழி தெரிஞ்சவன் மொழியைத்தான் பார்ப்பான். தெரியாதவன்தான் நேரா கவிதையைப் பார்ப்பான்."

பதிப்பாளருக்குப் புல்லரித்துவிட்டது. கைப்பேசியை எடுத்து அந்த வாக்கியத்தை அப்படியே பதிவு செய்துகொண்டார். பின்னாளில் நூலின் முன்னுரையில் முதல் வரியாக அது இடம்பெற்றது. மொழி தெரியாதவர்களுக்கென்று யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே ஆங்கிலத்தில் செய்து வைத்திருந்த பிரதியை அவர் மேசைமேல் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உலகம் படித்தார்.

ஆங்கிலத்தில் அது சாதாரணமாகத்தான் இருந்தது. 'வீட்டின் எஜமானே, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சுவரில் இருக்கும் ஆணி மட்டும் என்னுடையது. அதைப் பிடுங்க நேரமில்லை. நாளை நான் எங்கே தூங்குவேன் என்று நீங்கள் கேட்கவில்லை' என்கிற ரீதியில் போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு கப்பல் வந்தது, ஒரு ரயில் நிலையம் வந்தது. ஆனால் சுற்றிச் சுற்றி அந்த எஜமானிடமே திரும்பி வந்தது.

முதல் சொல்லிலேயே உலகம் சிக்கிக்கொண்டார்.

"வீட்டின் எஜமானே... இதைத் தமிழ்ல எப்படிக் கொண்டு வர்றது?"

பதிப்பாளர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். "வீட்டுக்காரரேன்னு போட்டுடலாமே சார்."

தம் வாழ்நாளில் அவர் சொன்ன உருப்படியான யோசனை அது ஒன்றுதான். அந்தக் குற்றத்தை அவர் மறுபடியும் செய்யவில்லை. உலகம் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"யோவ், வீட்டுக்காரர்னா யாரு?"

"வீட்டுக்குச் சொந்தக்காரர்."

"என் பொண்டாட்டியைக் கேளு. 'எங்க வீட்டுக்காரர்'னு அவ யாரைச் சொல்றா? என்னைத்தானே? வீட்டுக்காரரேன்னு ஆரம்பிச்சா படிக்கிறவன் புருஷன்னுதானே நினைப்பான்? நாடு விட்டு நாடு போனவளோட காவியம், குடும்பச் சண்டையா ஆயிடாதா? சாவியைக் குடுத்துட்டேன், எங்க தூங்கறதுன்னு கேக்கலையேன்னு வேற எழுதியிருக்கா. விவாகரத்து மனு மாதிரியில்ல இருக்கும்!"

பதிப்பாளர் அசந்துவிட்டார். இப்படி ஒரு ஆபத்து ஒரு சாதாரணச் சொல்லுக்குள் பதுங்கியிருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"வீடுன்னா என்னன்னு நினைச்சே?" என்று உலகம் தொடர்ந்தார்.

"செங்கல், சிமெண்டு..."

"அறம், பொருள், இன்பம், வீடு! வீடுபேறுய்யா! முக்தி! இந்த அம்மா கப்பல் ஏறி, ரயில் ஏறி எதைத் தேடி அலையறா? வீட்டை! வீட்டுக்கு எஜமான் யாரு? முக்திக்கு அதிபதி யாரு?"

பதிப்பாளர் பயபக்தியோடு மேலே பார்த்தார். மேலே, மாடியில், தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மாடியில் குடியிருந்தவள் தையல்காரம்மா. சண்டை நடந்த ஒரு நாட்டிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தவள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ஒரு பழைய மெஷினை வாங்கிப் போட்டு, கிழிந்த காற்சட்டைக்கு ஒட்டுப் போடுவது, நீளமான பாவாடையைக் குட்டையாக்குவது என்று வந்த வேலையைச் செய்துகொண்டிருந்தாள். உலகத்தின் மனைவிக்கு அவள் மேல் உயிர். இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கி வழியும். மெஷின் சத்தம் இத்தனை நாளும் உலகத்துக்குக் கேட்டதில்லை. பகலெல்லாம் நூலகத்தில் இருந்துவிட்டு வந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். இப்போது புலம்பெயர்ந்தோரின் துயரத்தில் ஆழ வேண்டிய அவசியம் வந்துவிட்டதால், அந்தப் புலம்பெயர்ந்தவளின் சத்தம் அவருக்குத் தொந்தரவாகிவிட்டது.

நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று முதலில் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மாடியில் அவள் யாருடனோ கைப்பேசியில், "வீட்டுக்காரர் கூப்பிடறாரு, அப்புறம் பேசறேன்" என்று சொல்வது இவருக்குத் தெளிவாகக் கேட்டது. அந்த நேரத்தில் எஜமானுக்குச் சரியான சொல்லைத் தேடி அகராதியில் மூழ்கியிருந்ததால், கேட்டதை அவர் பொருட்படுத்தவில்லை.

அவள் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றாள்.

"உட்காருங்கம்மா. ஒரு சின்ன ஆய்வு. நீங்க நாட்டை விட்டு வந்தப்ப உங்க மனசுல என்ன படிமம் வந்துச்சு?"

"படிமம்னா என்ன சார்?"

"காட்சி. ஒரு ஒத்தைப் பறவை, இலை உதிர்ந்த மரம், தூரத்துல மறையற விளக்கு... இந்த மாதிரி."

அவள் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள்.

"செருப்பு கடிச்சுச்சு சார்."

"அப்புறம்?"

"பாப்பாவுக்கு ஒண்ணுக்கு வந்துச்சு. எங்க போறதுன்னு தெரியல. அதுதான் ஞாபகம் இருக்கு."

உலகத்துக்குப் பெருத்த ஏமாற்றம். இவ்வளவு பெரிய அனுபவத்தைக் கடந்து வந்தும் இவளுக்கு ஒரு படிமம்கூடத் தேறவில்லையே என்று வருந்தினார். கடலைப் பார்க்காமலே கடலைப் பற்றி அவர் எழுதிய முன்னுரைகளை நினைத்துக்கொண்டார். அனுபவம் வேறு, இலக்கியம் வேறு என்பது அவருக்கு மீண்டும் ஒருமுறை உறுதியாயிற்று. ஆய்வை முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க காலி பண்ணிக் குடுத்துடுங்கம்மா."

"எதை சார்?"

"மாடியை."

அவள் சிரித்தாள். பிறகு அவர் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தாள்.

"வாடகை எதுவும் பாக்கி இல்லையே சார்."

"சேச்சே! வாடகையைப் பத்தி யார் பேசினா? பணத்துக்காக ஒருத்தரைக் காலி பண்ணச் சொல்ற ஆள் இல்லம்மா நான். இது கலை. வீடு இழந்தவங்களைப் பத்தி ஒரு மகத்தான கவிதை என் கைக்கு வந்திருக்கு. அதுக்கு அமைதியா ஒரு அறை வேணும்."

"சார், அடுத்த மாசம் எனக்குக் குடியேற்ற ஆபீஸ்ல விசாரணை இருக்கு. இங்கயே தங்கலாமா, திருப்பி அனுப்பறதான்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணுவாங்க. இந்த விலாசத்தைத்தான் குடுத்திருக்கேன். விலாசம் இல்லாதவங்க பேரைத் தள்ளி வச்சுடறாங்க சார். காப்பகத்துல கொண்டு போய் உட்கார வச்சுடறாங்க. அது முடியற வரைக்கும் விடுங்க, முடிஞ்சதும் நானே போயிடறேன்."

"அடுத்த மாசமா? கவிதை இந்த மாசம் அச்சுக்குப் போகணுமேம்மா."

"மெஷினை மெதுவா ஓட்டறேன்."

"மெதுவா ஓட்டினா சத்தம் இன்னும் ரொம்ப நேரம் கேக்கும்."

அவள் அளவு நாடாவைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டாள். உலகத்துக்கு மனம் இளகிவிட்டது. எழுந்து வந்து, குரலைத் தாழ்த்தி, ஆறுதல் சொன்னார்.

"நீங்க தப்பா நினைக்கக் கூடாது. உங்களை மாதிரி ஆளுங்களோட வலியைத்தான் நான் எடுத்துச் சொல்லப் போறேன். ஒரு விதத்துல பார்த்தா, உங்களுக்காகத்தான் உங்களைக் காலி பண்ணச் சொல்றேன்."

இந்தத் தியாகத்தின் மகத்துவத்தை அவருடைய மனைவி புரிந்துகொள்ளவில்லை. பெரிய மனிதர்களின் வீடுகளில் இது வழக்கம்தான்.

"அவ எங்க போவா?" என்றாள் கையில் கரண்டியோடு.

"எல்லையற்ற வெளி அவங்களுக்கு இருக்கு. நமக்குத்தான் நாலு சுவர்."

"எல்லையற்ற வெளியில கக்கூஸ் இருக்கா?"

"உனக்கு எப்பவும் இதே பேச்சுதான்."

"ஒரு மாசம்தானே கேக்கறா? நீங்க ஒரு மாசம் கழிச்சு எழுதினா அந்தக் கவிதை ஊசிப் போயிடுமா?"

"மாநாடு காத்திருக்காது."

"விசாரணை காத்திருக்குமா? அந்தப் பிள்ளை இப்பத்தான் பள்ளிக்கூடத்துல ஒரு சிநேகிதியைப் பிடிச்சிருக்கு. என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதீங்க, சொல்லிட்டேன்."

உலகம் அகராதியைப் புரட்டினார். எஜமானுக்கு 'அதிபதி' சரியாக வருமா, 'பெருமான்' சரியாக வருமா என்கிற போராட்டத்தில் இருந்தார். மனைவி கரண்டியை வைத்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய் அழுதாள். வீடு அவருடைய அப்பா வழி வந்தது. அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

தையல்காரம்மா காலி செய்த அன்று உலகம் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். முதல் வரி நாக்கு நுனியில் வந்து நின்றது. அப்போது பார்த்து அவள் வந்து, "சார், சாவி" என்றாள்.

உலகம் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை உயர்த்தினார்.

"சார், சாவியை எங்க வைக்கட்டும்?"

"உஷ்! வந்துக்கிட்டிருக்கு!"

அவள் சாவியை அவருடைய காலடியில் கிடந்த அகராதியின் மேல் வைத்துவிட்டுப் போனாள். மெஷினைத் தூக்கிப் போக இடம் இல்லாததால் மாடிப்படிக்கு அடியில் வைக்க உலகத்தின் மனைவி ஏற்பாடு செய்திருந்தாள். இருவரும் மூட்டைகளை வாசலுக்குக் கொண்டு வந்து வைத்தார்கள். சின்னவள், "நாம மறுபடியும் கப்பல்ல போகணுமாம்மா?" என்று கேட்டாள். ஆட்டோ வரும்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே உலகத்துக்கு முதல் வரி வந்துவிட்டது:

'வீடருளும் பெருமானே! திறவுகோலை உன் திருவடியில் வைத்தேன்...'

திருவடி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே வியப்பாக இருந்தது. உந்துதல் என்பது இப்படித்தான் எங்கிருந்தோ வருகிறது என்று பின்னர் ஒரு நேர்காணலில் விளக்கினார்.

மறுநாளே மாடிக்குக் குடிபெயர்ந்தார். மேசை, நாற்காலி, மின்விசிறி, தண்ணீர்க் கூஜா எல்லாம் ஏறின. சுவரில் அவள் விட்டுப்போன ஆணி ஒன்று இருந்ததால் சட்டை மாட்ட வசதியாகப் போயிற்று. அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. அந்த அமைதியில் மூன்று நாள் உட்கார்ந்தும் இரண்டாவது வரி வரவில்லை. துயரம் பிடிபடவில்லை. வசதி அதிகமாகிவிட்டது என்று கண்டுபிடித்து நாற்காலியைக் கீழே அனுப்பினார். பரணிலிருந்து பழைய தகரப் பெட்டி ஒன்றை இறக்கி, அதன் மேல் உட்கார்ந்து, முகத்தைக் கைகளில் தாங்கிக்கொண்டார்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த மனைவி வாசலில் நின்றாள்.

"ஏன் பெட்டி மேல உக்காந்திருக்கீங்க?"

"புலம்பெயர்ந்துக்கிட்டிருக்கேன்."

"சாப்பிட்டுட்டுப் பெயருங்க. ஆறுது."

சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி பெயர்ந்தார். முதுகு வலித்தது. அந்த வலியிலிருந்து இரண்டாவது வரி பிறந்தது. அதற்கப்புறம் தடை ஏதும் இல்லை. சுவர் 'நிலையாமைச் சுவர்' ஆயிற்று. ஆணி 'அகந்தை' ஆயிற்று. பிடுங்க நேரமில்லை என்பது 'பிடுங்கி எறியாயோ' என்று மன்றாடலாக மாறியது. கப்பல் பிறவிக் கடலைக் கடக்கிற கப்பலாகிவிட்டது. ரயில் நிலையம் கொஞ்சம் மல்லுக்கு நின்றது. அதையும் 'இடைத்தங்கல்' என்று வசப்படுத்தினார். 'நாளை நான் எங்கே தூங்குவேன் என்று நீங்கள் கேட்கவில்லை' என்ற வரிதான் கடைசி வரை முரண்டு பிடித்தது. அதையும் 'கேளாமலே துயில் தந்தாய்' என்று முடித்தபோது உலகத்துக்கே கண் கலங்கிவிட்டது.

எதுகையும் மோனையும் தாமாகவே வந்து விழுந்துவிட்டன. கட்டற்ற கவிதை ஒன்று இவ்வளவு கட்டுக்கோப்பாக எந்த மொழியிலும் வந்ததில்லை என்று பதிப்பாளர் பாராட்டினார். அட்டையில் மேகத்துக்கு நடுவிலிருந்து ஒளிக்கற்றை ஒன்று இறங்குவது போலவும், இரண்டு கைகள் கீழிருந்து ஏந்துவது போலவும் படம் போட்டார். முன்கூட்டியே படித்த திறனாய்வாளர் ஒருவர், 'மூலத்துக்கு இவ்வளவு விசுவாசமாக ஒரு மொழிபெயர்ப்பை நான் கண்டதில்லை' என்று எழுதினார். மூலத்தையும் அவர் கண்டதில்லை என்பதால் அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை.

இதற்கிடையில் தையல்காரம்மாவின் விசாரணையும் நடந்தது. அதிகாரி விலாசத்தைக் கேட்டார். மகளோடு ஒரு தெரிந்தவள் வீட்டுக் கூடத்தில் படுத்திருப்பவள் எந்த விலாசத்தைச் சொல்வாள்? பழைய விலாசத்தைச் சொன்னாள். சரிபார்க்கத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எடுத்தது உலகம். "இந்த விலாசத்துல அப்படி யாரும் இல்லை, இங்க நான் எழுதிட்டிருக்கேன்" என்று உண்மையைச் சொன்னார். உண்மை பேசுவதில் அவர் எப்போதுமே சமரசம் செய்துகொண்டதில்லை. விசாரணை தள்ளிப் போயிற்று. தாயையும் மகளையும் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். உலகத்தின் மனைவி இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவர்களைத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று அங்கே எல்லோரும் பேசிக்கொண்டார்களாம். வந்தவள் கணவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உலகம் அதையும் அமைதி என்றே எடுத்துக்கொண்டார்.

மாநாட்டு நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. 'எல்லைகளைக் கடந்து' என்ற பதாகை மேடையில் தொங்கியது. அடையாள அட்டை இல்லாதவர்களை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் உலகத்தின் மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேடையில் மூலக் கவிஞர் அம்மையார் இருந்தார். குள்ளமான உருவம், நரைத்த முடி, ஓடுவதற்குப் போடுகிற காலணி. பக்கத்தில் அவருக்காக அமர்த்தப்பட்ட துபாஷிப் பெண் ஒருத்தி. இரண்டு மொழியும் தெரிந்தவர் அந்த மண்டபத்திலேயே அவள் ஒருத்திதான். அதனால் அவளை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

தலைவர் எழுந்தார். உலகத்தை வானளாவப் புகழ்ந்தார். "வீடற்றோரின் வேதனையைத் தம் வீட்டுக்கே கொண்டுவந்தவர்!" என்றார். கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு பெரிய கேடயத்தைக் கொடுத்தார். உலகம் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒலிவாங்கியின் முன் நின்று, கண்களை மூடி, தழுதழுத்த குரலில் வாசித்தார்.

துபாஷிப் பெண் வரிக்கு வரி அம்மையாரின் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். அம்மையாரின் புருவம் முதலில் கொஞ்சம் ஏறியது. அப்புறம் ஏறிக்கொண்டே போனது. 'திருவடி' வந்ததும் அவர் கையை உயர்த்தினார். துபாஷிப் பெண் தயக்கத்தோடு எழுந்தாள்.

"மன்னிக்கணும். அம்மா கேக்கறாங்க, அது யாரோட கால்?"

மண்டபம் சலசலத்தது. உலகம் பெருந்தன்மையோடு புன்னகைத்தார்.

"இறைவனோட பாதம்மா. வீட்டின் எஜமான்."

அதைக் கேட்டு அம்மையார் படபடவென்று பேசினார். கைகளும் சேர்ந்து பேசின. பெண் அதைத் தமிழில் சொன்னாள்.

"கவிதையில கடவுளே கிடையாதுன்னு சொல்றாங்க. அது வீட்டுக்காரன். இவங்க மாடியில குடியிருந்தாங்களாம். அவன் கீழ் வீட்டுல இருந்தானாம். இவங்க குழந்தை இருமற சத்தம் தொந்தரவா இருக்குன்னு, குளிர்காலத்துல காலி பண்ண வச்சுட்டானாம். அவனைத் திட்டி எழுதினதாம் இது."

தலைவர் குறுக்கே புகுந்தார். "பல்பொருள் நோக்கில் பார்த்தால்..." என்று ஆரம்பித்தார். அம்மையார் அவரைப் பார்க்கவே இல்லை. உலகத்தை நேராகப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அம்மா கேக்கறாங்க, உங்க மொழியில வீட்டுக்காரனுக்கு வார்த்தையே இல்லையா?"

இதுவரை எந்த மேடையிலும் உலகத்துக்கு வார்த்தைக்குத் தட்டுப்பாடு வந்ததில்லை. இன்று வந்தது.

"இருக்கு... இல்லாம இல்ல... ஆனா எனக்கு அந்த நேரத்துல கிடைக்கல" என்றார்.

முன்வரிசையில் அவருடைய மனைவி எழுந்து நின்றாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்படவில்லை.

"கிடைக்காம என்ன? அந்த வார்த்தை எங்க மாடியிலதான் குடியிருந்துச்சு. தினமும் இவரை அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்துச்சு. வீடு இல்லாதவங்களைப் பத்தி எழுதணும், அமைதி வேணும்னு இவருதான் அதைக் காலி பண்ண வச்சாரு. ஒரு மாசம் பொறுங்கன்னு அந்தப் பொண்ணு கெஞ்சினா. விலாசம் இல்லாம விசாரணைக்குப் போய், இப்ப பிள்ளையோட காப்பகத்துல உக்காந்திருக்கா. என்னிக்குக் கப்பல் ஏத்துவாங்களோ தெரியாது."

துபாஷிப் பெண் தலைகுனிந்து நின்றாள். இது தன் வேலையில் சேருமா சேராதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தலைவர் அவளைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஆனால் அம்மையார் அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். அவள் சொன்னாள். ஒரு வார்த்தையைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அன்று அந்த மாநாட்டில் நடந்த ஒரே மொழிபெயர்ப்பு அதுதான்.

அம்மையார் எழுந்தார். மேடையைக் கடந்து உலகத்தின் அருகில் வந்தார். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் பார்த்தார், தேய்த்துப் போட்டிருந்த சட்டையைப் பார்த்தார், கேடயத்தைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். சுற்றி வந்து பின்பக்கமும் ஒருமுறை பார்த்தார். நெடுநாள் கழித்துத் தெரிந்த ஒருவரைப் பார்த்தது போல அவர் முகம் மாறியது. பிறகு துபாஷிப் பெண்ணிடம் மெதுவாக, சுருக்கமாக ஏதோ சொன்னார்.

பாராட்டு என்று நினைத்து, உலகம் பணிவாகக் குனிந்தார்.

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் தலைவர்.

அந்தப் பெண் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள்.

"கவிதை வரலையாம். ஆனா வீட்டுக்காரன் அச்சு அசலா வந்திருக்கானாம்."